பெட்டியில் எழுதியிருப்பது வாட், வயரில் ஓடுவது ஆம்பியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புயல், மழை என்று கரண்ட் போய் இரண்டு மூன்று நாள் வராமல் கிடந்தால் வாசலில் நிற்கும் காரையே ஜெனரேட்டராக வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் நாளிதழில் அரைப் பக்கத்துக்குக் குறிப்புகள் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டி ஒரு பட்டியல் போட்டிருந்தீர்களே, 1000 வாட் இன்வெர்ட்டர் (பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) ஒன்றை வாங்கி கார் பேட்டரியில் மாட்டிவிட்டால் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஓடும் என்று, அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தவன் நான். அந்தப் பட்டியலை நம்பி யாராவது இறங்கினால் மறுநாள் காலை எங்களைப் போன்ற ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் நல்லபடியாக முடிந்திருந்தால்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புயல் இரவு, கரண்ட் சாயங்காலமே போய்விட்டது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு, ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டும். என்னிடம்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று காரை ஜன்னல் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பேட்டரியில் மாட்டி, எக்ஸ்டென்ஷன் வயரை உள்ளே இழுத்துக்கொண்டேன். நெபுலைசர் பத்து நிமிடம் ஓடியது, அம்மாவுக்கு மூச்சு சீரானது. அதோடு கழற்றி வைத்திருக்க வேண்டும். புழுக்கத்தில் அம்மா எப்படித் தூங்குவார் என்று ஒரு ஸ்டாண்ட் ஃபேனையும் அதிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன், என்ஜினை ஆஃப் செய்துவிட்டு. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வெளியே கீ கீ என்று ஒரு சத்தம், நான் ஏதோ பூச்சி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன், கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றுபோனது. ஆறு மணிக்கு அம்மாவுக்கு மறுபடியும் இரைப்பு, இந்த முறை ஆஸ்பத்திரிக்கே போயாக வேண்டும் என்கிற அளவுக்கு. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. கடக், கடக், கடக், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை எத்தனையோ பேருடைய வண்டியில் கேட்டிருக்கிறேன், சிரித்துக்கொண்டே சரி செய்தும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. தெருமுனையில் நின்ற ஒரு வேன் ஓட்டுநரை எழுப்பி ஜம்பர் கேபிள் போட்டு வண்டியைக் கிளப்புவதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அம்மா தேறி வந்துவிட்டார், அதனால்தான் இதை இவ்வளவு சாவகாசமாக எழுத முடிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேன் 55 வாட், இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே 10, 15 வாட் தின்னும், ஆக மொத்தம் 70 வாட் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). என் பேட்டரி மேல் எழுதியிருந்தது 45. அது வாங்கியபோது இருந்த 45, மூன்று வருடம் ஓடிய பிறகு 30 இருந்தாலே பெரிது. நெபுலைசர் எடுத்ததெல்லாம் 2 ஆம்பியர்-அவருக்கும் குறைவு. 55 வாட் என்று அலட்சியமாக விட்ட ஃபேன்தான் கழுத்தை அறுத்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, உங்கள் குறிப்பில் அது தலைகீழாக வந்திருந்தது. பேட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும், பயப்பட வேண்டாம் என்று போட்டிருந்தீர்கள். நிற்கும், உண்மைதான். எப்போது நிற்கும்? பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட் வாக்கில் கத்த ஆரம்பித்து 10.5 வோல்ட்டில் நிற்கும். கார் பேட்டரிக்குள் ஆறு செல், ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட் என்று வைத்து வந்ததுதான் இந்த 10.5. அதாவது பேட்டரியில் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தாயிற்று, இதற்குக் கீழே போகக் கூடாது என்கிற கோடு அது. வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பதற்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. முழுதாக சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி காலி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம், செல்ஃப் எடுப்பது அங்கேயே சந்தேகம். பழைய பேட்டரியாக இருந்தால் இன்வெர்ட்டர் முதல் தடவை கத்துவதற்கு ரொம்ப முன்னாலேயே உங்கள் கார் செத்துப்போயிருக்கும், உங்களுக்குத்தான் தெரிந்திருக்காது.

அப்புறம், கார் பேட்டரி என்பதே ஒரு தனி ஜாதி. செல்ஃப் மோட்டார் ஒன்றிரண்டு வினாடிக்கு 150, 200 ஆம்பியர் கேட்கும், அதைக் கொடுப்பதற்காகவே உள்ளே மெல்லிய பிளேட்டுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். வினாடிக்கணக்கில் பார்த்தால் ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய ஒரு ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகிறது. என்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அதை உடனே திரும்ப நிரப்பிவிடும். இப்படிக் கொஞ்சமாக எடுத்து உடனே நிரப்பியே பழகிய பேட்டரியை அடிவரைக்கும் காலி செய்தால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அடிக்கடி இப்படிச் செய்தால் பேட்டரி போச்சு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே அந்தக் கனமான பேட்டரி, அதன் பிளேட்டுகள் தடிமனானவை, மெதுவாக, மணிக்கணக்கில் எடுப்பதற்காகவே செய்தது. இரண்டும் 12 வோல்ட்தான், பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். வாட் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது, பள்ளிக்கூடக் கணக்குதான். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் வீட்டு 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும், சாதாரண வயர் தாங்கும். அதே 1000 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுக்க 83 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஒரு 10, 15 சதவீதத்தைச் சூடாக்கி வெளியே ஊதிவிடும் என்பதால் நிஜத்தில் 95 ஆம்பியர் பக்கம் ஓடும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பை யாராவது மாட்டினால் 190 ஆம்பியர், அதாவது செல்ஃப் மோட்டாரை விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்குச் சமம். இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது வாட் மட்டும்தான், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். காருக்குள் ஓடப்போகிற ஆம்பியர் பெரும்பாலான பெட்டிகளில் எழுதியிருப்பதில்லை.

இந்த ஆம்பியர் போக வயர் வேண்டும் இல்லையா. பெட்டிக்குள் இலவசமாக ஒரு ஜோடி சிவப்பு, கறுப்பு வயரும் கிளிப்பும் வைத்திருப்பார்கள், ஜம்பர் கேபிள் கிளிப் மாதிரி பல் உள்ளது. அது சின்ன லோடுக்குப் போதும். 100 ஆம்பியர் என்று போனால் 25 சதுர மில்லிமீட்டர் தாமிர கேபிள், முனையில் லக் என்கிற உலோக வளையம் வைத்து நன்றாக நசுக்கி கிரிம்ப் செய்தது, நட்டு போட்டு முறுக்கி வைத்தது, அதுதான் வேண்டும். அந்தத் தடிமனான கேபிளிலேயே மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பி வந்தால் 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கையில் இருந்ததே என்று 4 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் இரண்டரை வோல்ட் காணாமல் போகும், இன்வெர்ட்டருக்கு 12க்குப் பதில் ஒன்பதரைதான் கிடைக்கும், உடனே அது பேட்டரி லோ என்று கத்தும், வயரைப் போட்டவர் பேட்டரியைத் திட்டுவார். இதற்குள் அந்த வயரில் 250 வாட்டுக்கு மேல் சூடாகவே போய்க்கொண்டிருக்கும், மேலுறை உருகி நாறும். அதனால் எப்போதும் 12 வோல்ட் பக்கம் வயர் குட்டையாக இருக்கட்டும், இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, 230 வோல்ட் பக்கத்தில் எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இதை அப்படியே மாற்றிச் செய்து, இன்வெர்ட்டரை வீட்டு மேஜை மேல் அழகாக வைத்துவிட்டு 12 வோல்ட் வயரை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள்தான் ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். அது இன்வெர்ட்டருக்கு. வயர் நடுவில் பானெட் விளிம்பில் நசுங்கி பாடியைத் தொட்டால் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும், வயர் சிவக்கப் பழுத்துத் தீப்பிடிக்கும், இன்வெர்ட்டரில் இருக்கும் ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவை வண்டியின் எர்த் பாயிண்டில் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் பாடியின் உலோக இடம்) மாட்டுங்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலின் மேலேயே பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கிறது, நேராக டெர்மினலில் மாட்டினால் நீங்கள் எடுப்பது அதற்குத் தெரியாது, சார்ஜ் கணக்கு தப்பிப்போகும். கடைசி முனையை வைக்கும்போது டப்பென்று ஒரு பொறி வரும், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் நிரம்புவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அந்தப் பொறி பேட்டரிக்கு மேல் வர வேண்டாம், எர்த் பாயிண்டில் வரட்டும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒரு வரி சேர்க்கிறேன். அது சிகரெட் பற்றவைக்கும் கம்பிச்சுருளைப் பத்திருபது வினாடி சூடாக்குவதற்காக வந்த சமாச்சாரம், மணிக்கணக்கில் கரண்ட் எடுக்க அல்ல. அதன் ஃப்யூஸ் 10 ஆம்பியர், சில வண்டியில் 15. 120 வாட், மிஞ்சிப்போனால் 150, அதோடு சரி. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு நுனிதான் தொட்டுக்கொண்டிருக்கிறது, அது லேசாகத் தளர்ந்தால் சூடேறும். ஒரு தடவை ஒருவர் பிளக் வெளியே வரமாட்டேன் என்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார், பிடுங்கிப் பார்த்தால் பிளாஸ்டிக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கிடந்தது, ஃப்யூஸ் மட்டும் புதுசாக, பளபளவென்று 30 ஆம்பியர் போட்டிருந்தார். அடிக்கடி போகிறது என்று பெரிசாகப் போட்டாராம். ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, அதைப் பெரிதாக்கினால் அப்புறம் வயர்தான் ஃப்யூஸ்.

என்ஜினை ஓடவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதுதான் சரியான கேள்வி, காரில் கரண்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர்தான், பேட்டரி வெறும் உண்டியல். ஆனால் ஆல்டர்னேட்டர் மேல் 80 ஆம்பியர், 100 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது வேகமாகச் சுற்றும்போது தருவது. வண்டி நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஓடும்போது அதில் பாதி வந்தால் நல்லது, சூடேறினால் இன்னும் குறையும். அதிலும் ஃப்யூவல் பம்ப், இக்னிஷன், கம்ப்யூட்டர், ரேடியேட்டர் ஃபேன் என்று காரே 20, 30 ஆம்பியரைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் நமக்கு.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று என் காரிலேயே கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அதில் ஓடும் ஆம்பியரைக் காட்டுவது) போட்டுப் பார்த்திருக்கிறேன். ஐடிலிங், லைட் ஏசி எதுவும் இல்லை, பேட்டரியில் 13.9 வோல்ட். 150 வாட் லோடு போட்டேன், 13.6, பேட்டரிக்குள் இன்னும் கரண்ட் போய்க்கொண்டுதான் இருந்தது, அதாவது ஆல்டர்னேட்டர் சமாளித்தது. 400 வாட் போட்டதும் 12.7க்கு இறங்கி, கிளாம்ப் மீட்டரில் அம்புக்குறி திரும்பிவிட்டது, பேட்டரியிலிருந்து 10, 11 ஆம்பியர் வெளியே போகிறது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே! நடுவில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் இன்னும் மோசம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து 1500 சுற்றுக்குக் கொண்டுபோனால் மறுபடி 13.5க்கு ஏறியது, ஆனால் யார் மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டு உட்காருவது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, நின்ற இடத்தில் சின்னக் கார் என்றால் 200 வாட், கொஞ்சம் பெரிய வண்டி என்றால் 300, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மிக்ஸி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துவது, நல்ல இன்வெர்ட்டரும் தடித்த கேபிளும் இருந்தால் என்ஜின் ஓடும்போது சமாளிக்கும். அயர்ன் பாக்ஸ், கீசர், அடுப்பு, கெட்டில் என்று கம்பி சூடாகிற எதுவும் வேண்டாம்.

எரிபொருள் செலவையும் யோசிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் அளவு சக்தி அடங்கியிருக்கிறது. ஐடிலிங்கில் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் போகிறது என்று வைத்தால் கிட்டத்தட்ட ஏழு யூனிட்டை எரித்து நமக்குக் கிடைப்பது 0.2 யூனிட். குதிரையைக் கட்டி காற்றாடி சுற்றுவது மாதிரிதான் இது. அவசரத்துக்குப் பரவாயில்லை, தினசரிப் பழக்கத்துக்கு ஆகாது.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் மட்டும் உங்கள் பட்டியல் பாதி சரி. ஓடும்போது 100, 150 வாட்தான், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். அதனால் 300 வாட் இன்வெர்ட்டர் போட்டால் க்ளிக் என்று ட்ரிப் ஆகி நின்றுவிடும், ஓடுவது 120 வாட்டாக இருந்தாலும் 1000 வாட் இன்வெர்ட்டர் தேவைப்படுவது இதனால்தான். மென்மையாகக் கிளம்பும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃப்ரிட்ஜ் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை நின்றால் ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி போட வேண்டும், உள்ளே அழுத்தம் சமமாக வேண்டும். நாள் முழுக்க ஓட்டத் தேவையே இல்லை, கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், அதற்கப்புறம் என்ஜினைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்.

மலிவு இன்வெர்ட்டர்கள் கொடுப்பது படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும் அலை, மாடிஃபைடு சைன் வேவ் என்பார்கள். பல்பு, மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர் அதைக் கண்டுகொள்ளாது. மோட்டார் உள்ளவை ர்ர்ர் என்று உறுமும், சூடாகும். அன்றைக்கு அம்மாவின் நெபுலைசரும் அப்படித்தான் உறுமியது. மருத்துவச் சாதனம், ஃப்ரிட்ஜ் இரண்டுக்கும் ப்யூர் சைன் வேவ் என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும், சாதனத்தோடு வந்த புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மாதிரி நிற்கவே கூடாத ஒன்றைக் காரை நம்பி வைக்காதீர்கள்.

சின்னச் சாமான்களுக்கு இன்வெர்ட்டரே வேண்டாம், இதை நீங்கள் எழுதவே இல்லை. வைஃபை ரூட்டர் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், அனேகமாக 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 12ஐ 230 ஆக்கி, அடாப்டரில் மறுபடி 12 ஆக்கி என்று இரண்டு தடவை நஷ்டப்படுவானேன். என்ஜின் ஓடும்போது காரில் 14.4 வரை ஏறும் என்பதால் நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் ரெகுலேட்டரை மட்டும் போட்டு நேராகக் கொடுக்கலாம். லேப்டாப்புக்கும் கார் சார்ஜர் கிடைக்கிறது. ரூட்டர், இரண்டு எல்இடி விளக்கு, ஒரு மொபைல் என்று வைத்தால் 45, 50 வாட், என்ஜின் ஆஃபில் மூன்று மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்காது, காலையில் வண்டி கிளம்பும். நான் வைத்திருக்கும் கோடு அதுதான், 45 ஆம்பியர்-அவர் நல்ல பேட்டரியில் 15க்கு மேல் எடுப்பதில்லை. போன வருடம் கரண்ட் போனபோது பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, உங்ககிட்ட பெரிய இன்வெர்ட்டர் இருக்கே, டிவியையும் போட்டு விடுங்களேன்" என்று வந்து நின்றார். மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து 12.2 வந்தால் நீங்களே கழற்றிவிடுங்கள் என்றேன், முக்கால் மணி நேரத்தில் அலுத்துப்போய்க் கழற்றிவிட்டார்.

இனி இரண்டு விஷயம், இவற்றில் விளையாட்டே கூடாது.

ஒன்று, புகை. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று ஷெட்டுக்குள்ளேயே, கதவைப் பாதி திறந்து வைத்து என்ஜினை ஓடவிடலாம் என்கிற தொனியில் ஒரு வரி வந்திருந்தது. தயவுசெய்து அதற்கு மட்டும் திருத்தம் போட்டுவிடுங்கள். சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், களைப்பு என்று படுத்தால் எழுந்திருக்க மாட்டோம். புது வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, புகையே வராது என்பார்கள், அது 250, 300 டிகிரிக்குச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். பாதி திறந்த கதவெல்லாம் கணக்கே இல்லை. வண்டி திறந்த வெளியில், ஜன்னல் கதவிலிருந்து குறைந்தது ஆறேழு மீட்டர் தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அன்று நான் ஜன்னல் ஓரமாக நிறுத்தினேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதுவும் தப்புதான். என்ஜினை ஆஃப் செய்திருந்தேன் என்பதால் தப்பித்தோம், பேட்டரியைக் காப்பாற்ற ஐடிலிங்கில் விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

இன்னொன்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுச் சுவர் சாக்கெட்டுக்கு அதைச் சொருகிவிட்டால் வீடு முழுக்க லைட் எரியும் என்று சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே செய்கிறோம் என்பார்கள். பதற்றத்தில் ஒருவர் மறப்பார். மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெரு லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் சாமான், அந்தப் பக்கம் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி நிற்கும், அங்கே கம்பத்தில் லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பி ஒருவர் கை வைப்பார். தெருவின் லோடு தாங்காமல் இன்வெர்ட்டர் உடனே ட்ரிப் ஆகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு, பெரும்பாலும் ஆகும்தான், ஆனால் புயலில் லைன் உங்கள் வீட்டுக்கு அடுத்த கம்பத்திலேயே அறுந்து தனியாகக் கிடந்தால் தாங்குவதற்கு லோடே இருக்காது, ட்ரிப்பும் ஆகாது. சொருகாத முனையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் 230 வோல்ட் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கும். கருவிகளை எக்ஸ்டென்ஷனில் நேராக மாட்டுங்கள், வீட்டு வயரிங்குக்கே கொடுக்க வேண்டுமென்றால் தெரு லைன், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைத்து, தெரிந்த எலக்ட்ரீஷியன் கையால்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புராணம் பாதி பொருந்தாது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் எல்லாருடைய கவனமும் திரும்பியது. டொயோட்டா எஸ்டிமா ஹைப்ரிட் வண்டியில் 1500 வாட் சாக்கெட் ஏற்கெனவே இருந்தது, கரண்ட் இல்லாத இடங்களில் அது கைகொடுத்தது. அடுத்த வருடமே நிஸ்ஸான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் கொடுக்கும் பெட்டியை அங்கே கொண்டுவந்தார்கள். 2021இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 வண்டியில் ஒரு அடாப்டரைச் சொருகினால் 3.6 கிலோவாட் எடுக்கலாம், அதில் அயர்ன் பாக்ஸும் ஓடும், கெட்டிலும் ஓடும். 60 யூனிட் பேட்டரி உள்ள காரில் ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு என்று சராசரியாக 300 வாட் எடுத்தால் நஷ்டம் போக ஒரு வாரம் வரும். நம் பெட்ரோல் கார் பேட்டரியில் மொத்தமாகவே அரை யூனிட் சொச்சம்தான். ஒரு விஷயம் மட்டும், எலக்ட்ரிக் காரிலும் ஓரத்தில் ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, வண்டியை ஆன் செய்யாமல் அதில் இன்வெர்ட்டரை மாட்டினால் அதுவும் செத்துப்போகும், அப்புறம் இத்தனை பெரிய பேட்டரி இருந்தும் கதவுகூடத் திறக்க மறுக்கலாம்.

பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்கள் ராத்திரி முழுக்க ஏதாவது ஓட்டியே ஆக வேண்டும் என்றால் தனியாக ஒரு டீப் சைக்கிள் பேட்டரியோ (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது மாதிரி, மணிக்கணக்கில் எடுப்பதற்குச் செய்தது) லித்தியம் பெட்டியோ வாங்கி வைத்து, பகலில் வண்டி ஓடும்போது அதை சார்ஜ் செய்துகொள்வதுதான் வழி. லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேராகக் கோர்க்காதீர்கள், அது கேட்கிற வேகத்துக்குக் கொடுத்து ஆல்டர்னேட்டர் கருகிவிடும், நடுவில் 20 ஆம்பியர், 30 ஆம்பியர் என்று அளவாகக் கொடுக்கும் டிசி சார்ஜர் வேண்டும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒன்றில் 1.28 யூனிட் இருக்கிறது, அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் அம்மாவின் ஃபேன் விடிய விடிய ஓடியிருக்கும், காரும் கிளம்பியிருக்கும்.

அந்தக் கட்டத்தைத் திருத்தி மறுபடி வெளியிடுவீர்கள் என்றால் மிக்ஸிக்குப் பக்கத்தில் "என்ஜின் ஓடும்போது, ஒரு நிமிடம்" என்றும், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் "என்ஜின் ஓடும்போது, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்றும், ஃபேனுக்குப் பக்கத்தில் "என்ஜின் ஆஃபில் இரண்டு மணி நேரம்" என்றும் போடுங்கள். அயர்ன் பாக்ஸை அடித்துவிடுங்கள். ஷெட் பற்றிய வரிக்கான திருத்தத்துக்கு மறுபதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைய இதழிலேயே வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன், ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்